ஒரு குடும்பத்துக்கு ஒரு பிளேடு

கனகவள்ளி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. "எழுதணும்னா எழுதுங்க மேடம், பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் இந்தப் பெயரைச் சொன்னாள். வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஓயாமல் மல்லுக்கு நின்ற ஒருத்தியின் பெயராம். "அவ பேரு ஒரு வியாதிக் கதையில வரட்டும்" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அவளை எனக்குத் தெரிந்த காலம் முழுவதும் அவள் பயந்துகொண்டேதான் இருந்தாள்.

என் பெயர் மானசா. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரியில் நடக்கிற ஆய்வில் எனக்கு வேலை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருக்கிற ஹெபடைடிஸ் பி வைரஸ், பிரசவத்தின்போது குழந்தைக்குப் போகிறதா, மாத்திரையும் ஊசியும் கொடுத்தால் எவ்வளவு தூரம் தடுக்க முடிகிறது என்று பார்க்கிற ஆய்வு. கண்டுபிடிப்பதெல்லாம் டாக்டர்கள். தாராவிச் சந்துகளில் நுழைந்து, தாய்மார்களைத் தேடிப் பிடித்து, அடுத்த ஊசிக்கு வாருங்கள் என்று கெஞ்சுவது நான். தமிழ் பேசத் தெரியும் என்பதற்காகத் தமிழ்ச் சந்துகளை என் தலையில் கட்டினார்கள். என் தமிழைக் கேட்டு அந்தச் சந்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள் என்பது வேறு விஷயம்.

கனகவள்ளியை முதலில் பார்த்தபோது அவளுக்கு ஆறாவது மாதம். சின்ன உருவம், அதற்குப் பொருந்தாத வயிறு. ஆஸ்பத்திரி அட்டையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆலோசகர் ஷைஸ்தா ஹிந்தியில் நிதானமாகச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது. அது ஈரலில் தங்கும். இப்போதைக்கு உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பிறக்கும்போது குழந்தைக்குப் போகலாம். பச்சைக் குழந்தைக்குப் போய்விட்டால் பெரும்பாலும் ஆயுசு முழுக்க அங்கேயே இருந்துவிடும். அதைத் தடுக்க வழி இருக்கிறது.

கடைசி வாக்கியத்தை அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"கண்ணு மஞ்சளாவுமா?" என்றாள்.

சில பேருக்கு ஆகும், பல பேருக்கு வருஷக்கணக்கில் வெளியே ஒன்றுமே தெரியாது என்றேன். அப்போதுதான் அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். இவள் எட்டாவது படிக்கும்போது அம்மாவுக்கு வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது அம்மா உயிரோடு இல்லை. ஐஸ் பெட்டியில் கிடந்த அம்மாவின் இமை கொஞ்சம் திறந்திருந்தது என்றும், உள்ளே தெரிந்த மஞ்சளை மறக்க முடியவில்லை என்றும் சொன்னாள். ஷைஸ்தாவுக்கு நான் ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். என்னால் முடியவில்லை.

"எங்கம்மாகிட்டருந்து எனக்கு வந்திருக்குமோ?"

இருக்கலாம், சொல்ல முடியாது என்றேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அப்பம் எங்கிட்டருந்து இதுக்கு" என்றாள். கேள்வி போல அவள் அதைக் கேட்கவில்லை.

பிறகு எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே தன் கதை முடிந்தது. அவர்கள் சந்தில் முன்பு ஒருத்தி இருந்தாளாம். அவள் ரத்தத்தில் ஏதோ கிருமி என்று யாரோ சொல்லப் போக, அவள் தட்டு தனியானது, டம்ளர் தனியானது, குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். ஒரு நாள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறிப் போனவள் திரும்பவில்லை. என்ன கிருமி, எப்படித் தொற்றும் என்று சந்தில் ஒருவரும் கேட்கவில்லை. கிருமி என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

ஒன்றாகச் சாப்பிட்டால் இது தொற்றாது, தொட்டால் தொற்றாது, ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான், அல்லது கணவன் மனைவிக்குள் என்று நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். கணவரையாவது கூட்டிக்கொண்டு வா என்றாள் ஷைஸ்தா. கனகவள்ளியின் கணவன் இசக்கிராஜ் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறவன். ஒரு சுடுசொல் பேசத் தெரியாத ஆள்.

"நல்லவியதான் மேடம். ஆனா அவிய அம்மாகிட்ட எதையும் மறைக்க மாட்டாவ" என்றாள்.

அவள் சொல்லாமல் நாங்கள் யாரிடமும் வாய் திறக்க முடியாது. அது எங்கள் தொழில் தர்மம், கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதனால் நான் அந்த வீட்டுக்கு "பிள்ளைக்கு எடை பாக்கிற மேடம்" ஆனேன். வைரஸ் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை டப்பாவுக்குள் குடியேறியது. மாமியார் முப்பிடாதியம்மாள் என்னிடம், "எம் மருமவ ஒரு நேரம் சோத்த மறந்தாலும் சத்து மாத்திரைய மறக்க மாட்டா டாக்டரம்மா" என்று பெருமையடித்துக்கொள்வாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. முப்பிடாதியம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. இரண்டு பையன்களையும் தனியாளாக இட்லி விற்று வளர்த்தவள் என்பதால் அந்த அதிகாரம் அவளுக்கு வந்திருந்தது.

குழந்தை பிறந்த அன்று மழை. தாராவியில் முழங்கால் அளவு தண்ணீர். டாக்சிக்காரன் ஒருவனும் உள்ளே வர மாட்டேன் என்றான். இசக்கிராஜ் அவளைப் பிடித்துக்கொண்டு, சாக்கடையும் மழையும் ஒன்றாகிப் போன தண்ணீரில் மெயின் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டி வந்திருக்கிறான். அந்த நடையில் வலியோடு வலியாக எனக்கு போன் செய்தாள். "ஊசி இருக்கா மேடம்? ஸ்டாக் இருக்கான்னு பாத்து வையுங்க" என்றாள். பின்னால் முப்பிடாதியம்மாள், "இந்த நேரத்துல யாருகிட்ட ஏட்டி பேசுத?" என்று சத்தம் போடுவது எனக்குக் கேட்டது. பிறந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போட்டாக வேண்டும் என்று நாங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். வலியைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. வழியிலேயே பிறந்துவிட்டால், தண்ணீர் வடியாவிட்டால், ஊசி தள்ளிப் போய்விட்டால் என்றுதான் அவள் நடுங்கினாள். நான் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து ஊசி மருந்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். காலையில்தான் பார்த்திருந்தேன். இருந்தும் பார்த்தேன்.

மத்தியானம் ஆண் குழந்தை பிறந்தது. தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. பிள்ளை வீரிட்டு அழுத சத்தம் வராந்தா வரைக்கும் வந்தது. எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் கனகவள்ளி பிள்ளையை மடியில் வாங்க மாட்டேன் என்கிறாள். பால் கொடுக்க மாட்டேன் என்கிறாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எங்கிட்டருந்து எதுவும் அதுக்குப் போவ வேண்டாம்" என்றாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. மாமியார் கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே நாங்கள் குசுகுசுவென்று கெஞ்சுகிறோம்.

ஷைஸ்தாவுக்குத்தான் பொறுமை போனது. "பச்சே கோ பூக்கா மாரேகி க்யா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். பட்டினி போட்டே கொல்லப் போகிறாயா என்று கேட்டதை நான் தமிழில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஊசி போட்டாகிவிட்டது, பாலினால் ஒன்றும் வராது என்று எத்தனையோ தடவை சொன்ன பிறகு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாங்கினாள். குழந்தை குடிக்கக் குடிக்க அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாமி பெயராக இருக்கும் என்று நினைத்தேன். கிட்டே போனால், "மன்னிச்சிரு, மன்னிச்சிரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்குச் சுடலை என்று பெயர் வைத்தாள் மாமியார். குலசாமி பெயர். நோய் தொற்றியதா இல்லையா என்று ரத்தம் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு வயது ஆக வேண்டும். அதற்கு முன்னால் பார்த்தால், ஊசியில் போன மருந்தும் தாயிடமிருந்து வந்ததும் கலந்து குழப்பும். இதைக் கேட்டபோது கனகவள்ளி என்னைப் பார்த்த பார்வையில், இந்த விதியை நானே உட்கார்ந்து எழுதிய மாதிரி ஒரு கோபம் இருந்தது.

அவர்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. இடையில் இரும்பு ஏணி. சந்துக்குள் வெயில் இறங்காது. ஏணியின் உச்சியில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே மட்டும் காலையில் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழும். தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஏறி, கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துக் கண்ணைப் பார்ப்பாள். கண்ணில் ஒன்றும் தெரியாது, கிருமி இருக்கிற குழந்தைக்கும் கண் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். சரி மேடம், சரி மேடம் என்பாள். மறுநாள் காலையில் ஏணியில் இருப்பாள்.

ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்துவிட்டாள். காலில் செருப்பு இல்லை. "மேடம், உடம்பெல்லாம் மஞ்சளாயிட்டு" என்று கதறினாள். பிள்ளையைப் பார்த்தேன். நிஜமாகவே மஞ்சள். ஷைஸ்தா ஒரு பஞ்சை நனைத்துப் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது, நெற்றி மாநிறமானது. முப்பிடாதியம்மாள் பேரனுக்குக் கடலை மாவும் மஞ்சளும் குழைத்துப் பூசிக் குளிப்பாட்டியிருக்கிறாள், சரியாகக் கழுவாமல் விட்டிருக்கிறாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கனகவள்ளி சிரிக்கவில்லை. அந்தப் பஞ்சைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மான்குர்த்தில் இசக்கிராஜின் அண்ணன் குடும்பம் இருந்தது. அண்ணி பிரபாவதி, அவளுக்கு மூன்று வயதில் உமா என்று ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். உமாவுக்கு முதல் ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்து தொடை வீங்கியிருக்கிறது. அதோடு ஊசிக்கே முழுக்குப் போட்டுவிட்டாள் பிரபாவதி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எம்பிள்ள கல்லு மாதிரி இருக்கா. உங்க ஊசி போட்ட பிள்ளைவ எல்லாம் மூக்கு ஒழுவிட்டு அலையுது" என்று என் வாயை அடைத்துவிட்டாள். உமா நிஜமாகவே கல்லு மாதிரிதான் இருந்தாள். என் பையைத் திறந்து பேனாவைத் திருடுவதில் கெட்டிக்காரி. கனகவள்ளியின் மடியை விட்டு இறங்க மாட்டாள், சித்தி, சித்தி என்று ஒரே ஒட்டுதல்.

ரத்தம் பார்க்கிற நாள் நெருங்க நெருங்கக் கனகவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வருஷம் சந்து முனை இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவும் சுடலைக்குப் பதினோராம் மாதமும் சேர்ந்து வந்தன. பேரனுக்கு அங்கேயே மொட்டை போட்டுவிடலாம் என்றாள் மாமியார். கனகவள்ளி தானும் முடி இறக்குவதாகச் சொன்னாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வர வேண்டும் என்பதற்கான வேண்டுதல். சாதாரணமாகக் காரியம் நடந்த பிறகுதான் நேர்ச்சையைச் செலுத்துவார்கள். இவள் அம்மனுக்கே அட்வான்ஸ் கொடுத்தாள். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. என்ன வேண்டுதல் என்று தெரியாமலேயே முப்பிடாதியம்மாளுக்கு மருமகளின் பக்தியில் உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பம் சேர்ந்து முடி இறக்கினால் ஒரே கத்திதான். நடுவில் மாற்றினால் குடும்பம் பிரிந்துவிடும் என்பது முப்பிடாதியம்மாளின் நம்பிக்கை. இப்போது சவரக்கத்தி போய் பிளேடு வந்துவிட்டது. ஆனால் வழக்கம் போகவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு பிளேடு.

கனகவள்ளி என்னிடம் வந்து சொல்லிப் பதறினாள். எனக்கும் பயம்தான். தலையில் பிளேடு பட்டு ரத்தம் வருவது சர்வ சாதாரணம். அவள் ரத்தம் பட்ட பிளேடு பிள்ளையின் தலையில் இறங்கினால்? சுடலைக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம். அது பிடித்திருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தோம். முதலில் பிள்ளை. பிறகு தாய். அவ்வளவுதான். அவள் கடைசியாக உட்கார்ந்தால் யாருக்கும் ஆபத்தில்லை, வழக்கமும் கெடாது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டு டீ குடித்தோம்.

எல்லோருக்கும் லீவு என்பதால் மொட்டையை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். கனகவள்ளி என்னையும் அழைத்திருந்தாள். "நீங்க பக்கத்துல நின்னாப் போதும் மேடம்." கோயில் என்றால் பெரிய கோபுரமெல்லாம் இல்லை. மூன்று பக்கமும் பட்டறைகள், நடுவில் ஒரு அறை அளவுக்கு அம்மன். வாசலில் பந்தல், மேளம். நயினார் என்று ஒரு நாவிதர், அதே தெருவில் சலூன் வைத்திருப்பவர், பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். கனகவள்ளியின் தம்பி ஊரிலிருந்து வந்து தாய்மாமனாகச் சுடலையை மடியில் வைத்துக்கொண்டான். நயினார் புதுப் பொட்டலத்தைப் பிரித்து, பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் பொருத்தினார். சுடலை அலறினான். ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. கனகவள்ளி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

அடுத்து அவள் உட்கார்ந்தாள். முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. பாதித் தலை முடிந்த நேரத்தில் மான்குர்த் கூட்டம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தது. ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலையாம், ரயிலே இல்லை, பஸ் மாறி மாறி வருகிறோம் என்றாள் பிரபாவதி. இடுப்பில் உமா. அவர்களைப் பார்த்ததும் முப்பிடாதியம்மாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"உமாவுக்கும் மொட்ட பாக்கியாத்தானே கெடக்கு? இன்னைக்கே எடுத்திருவோம். மூணு தல, ஒரே கத்தி. அம்மனுக்குக் கண்ணு நெறஞ்சிரும்."

"எடுங்க அத்த. ஊருக்குப் போவ எங்க நேரம்?" என்றாள் பிரபாவதி.

எனக்குக் காதில் மேளம் கேட்காமல் போயிற்று. கனகவள்ளி திரும்ப முயன்றாள். அந்த அசைவில் பிளேடு அவள் காதுக்கு மேலே இழுத்துவிட்டது. ரத்தம் கோடாக இறங்கிக் கழுத்துக்கு வந்தது. "ஆடாதம்மா" என்றார் நயினார். சந்தனத்தை அப்பி அழுத்தினார். மீதித் தலையையும் வழித்தார். கத்தியைச் செம்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தார்.

"அடுத்து யாரு? பாப்பாவா? வாடா கண்ணு."

பிரபாவதி பலகையில் உட்கார்ந்து உமாவை மடியில் இருத்தினாள். உமாவுக்குப் பயமே இல்லை. சித்தியின் மொட்டைத் தலையைப் பார்த்துக் கை கொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஊசியோடு நின்றுபோன குழந்தை. எங்கள் ஆய்வில் தாய் உண்டு, சேய் உண்டு. சித்தப்பா வீட்டுக்கு வந்த குழந்தைக்கு அதில் இடம் இல்லை. கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே நாங்கள் போட்ட திட்டத்திலும் இல்லை.

நான் முந்திக்கொண்டேன். "ஒரு புது பிளேடு போட்டுக்கோங்கோளேன். குழந்தைத் தலை. சுத்தமா இருக்கட்டுமே" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

முப்பிடாதியம்மாள் சிரித்தாள். "டாக்டரம்மாவுக்கு எல்லாத்துலயும் கிருமிதான் தெரியும். எல்லாம் ஒரே ரத்தந்தானம்மா. எங்க வழக்கத்துல கத்திய மாத்தப்பிடாது. நீ எடு நயினாரு."

அதற்கு மேல் என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தது. இரண்டே சொல் போதும். அது அவளுடைய ரகசியம், நான் சொல்லக் கூடாது. சொல்லாமல் நின்றால் அந்தப் பிளேடு உமாவின் தலையில் இறங்கும். பிளேடைத் தட்டிவிடலாமா, மயக்கம் போட்டு விழுவது போல் நடிக்கலாமா என்றெல்லாம் ஓடியது. நயினார் உமாவின் தலையில் தண்ணீர் தடவினார்.

"வேண்டாம். கீழ போடுங்க அத."

கனகவள்ளி எழுந்து நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் சந்தனம் வழிந்திருந்தது.

"என்னட்டி?" என்றாள் மாமியார்.

"என் ரத்தத்துல கிருமி இருக்கு அத்த. மஞ்சக்காமாலக் கிருமி. எங்கம்மாவக் கொன்னது. அந்தப் பிளேடுல என் ரத்தம் பட்டிருக்கு. உமா தலையில வைக்காதிய."

மேளக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். நயினார் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். பிரபாவதி உமாவை வெடுக்கென்று வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனாள். அப்படியே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. கூட்டத்தில் இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அந்த இழுப்பைக் கனகவள்ளி பார்த்தாள். அவள் அத்தனை நாள் பயந்தது இதற்குத்தான்.

இசக்கிராஜ் கிட்டே வந்தான். "எப்பருந்து?"

"பிள்ள வயித்துல இருக்கும்போதே தெரியும்."

"எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"பயமா இருந்துச்சு" என்றாள்.

முப்பிடாதியம்மாள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரி இறைப்பாளோ என்றுகூடத் தோன்றியது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பம் எம்பேரன்?"

"தெரியாது அத்த. அடுத்த வாரந்தான் பாக்காங்க."

அந்தப் பயம் மாமியாரின் முகத்தில் ஏறுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். கனகவள்ளி ஒரு வருஷத்துக்கு மேலாகத் தனியாகச் சுமந்தது அது. முப்பிடாதியம்மாள் கையை நீட்டிப் பேரனை வாங்கினாள். மொட்டைத் தலையைத் தடவித் தடவிக் கீறல் இருக்கிறதா என்று தேடினாள்.

ரத்தம் எடுக்கிற நாளில் வீடே வந்தது. கணவன், மாமியார் என்று எல்லோருக்கும் எடுத்தோம். வீட்டில் தட்டைத் தனியாக வைத்தார்களா என்று கனகவள்ளியிடம் கேட்டேன். மாமியார் முதல் நாள் வைத்தாளாம். இசக்கிராஜ் அந்தத் தட்டிலேயே போட்டுச் சாப்பிட்டானாம். மறுநாளிலிருந்து வைக்கவில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வராந்தாக் கோடியில் பிரபாவதி வந்து நின்றாள். உமாவைக் கையில் பிடித்திருந்தாள். கனகவள்ளியின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம், "அந்த ஊசிய எங்க போடுவாவ?" என்று கேட்டாள். நான் கூட்டிக்கொண்டு போனேன். உமா என் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

சுடலையின் முடிவு முதலில் வந்தது. கிருமி இல்லை. ஊசி நன்றாகப் பிடித்திருக்கிறது, நல்ல பாதுகாப்பு இருக்கிறது. ஷைஸ்தா சொன்னாள், நான் சொன்னேன், கனகவள்ளி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னோம். பிறகு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். கிருமி இருந்திருந்தால்கூட ஒருத்தி அப்படி அழுவாளா என்று தெரியவில்லை. ஷைஸ்தாவும் அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மற்றவர்களின் முடிவு வருவதற்கு இன்னும் சில நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பினோம். நடுவில் ஒரு காலையில் கனகவள்ளிக்கு மாத்திரை கொடுக்கத் தாராவிக்குப் போனேன். இப்போது இரும்புச்சத்து டப்பா தேவையில்லை. கீழே யாரும் இல்லை. மேலே பேச்சுக் குரல் கேட்டது. ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தேன்.

தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே விழுந்த வெளிச்சத்தில் கனகவள்ளி உட்கார்ந்திருந்தாள். தலையில் கருகருவென்று முள்முள்ளாக முடி கிளம்பியிருந்தது. சுடலையின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு அவனை இறக்கி விட்டாள். முடிவு வந்த பிறகும் இந்த வேலை ஓயவில்லையே என்று வாயெடுத்தேன். அதற்குள் முப்பிடாதியம்மாள் நகர்ந்து வந்து அந்த வெளிச்சத்தில் முகத்தை நீட்டினாள். தன் கட்டை விரலாலேயே கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் பாருட்டி" என்றாள்.

கனகவள்ளி பார்த்தாள். "வெள்ளையாத்தான் இருக்கு அத்த."

"நல்லாப் பாத்துச் சொல்லு."